பியானோவில் புது ஒலிகள்

பியானோக் கச்சேரி என்றவுடன் நம் மனக்கண்முன் ஒரு காட்சி தோன்றுகிறது. மேடையின் நடுவே கரிய நிறத்தில் பளபளக்கும் பெரிய வாத்தியம். அதன் முன் நிமிர்ந்து அமர்ந்த வித்துவான். வெள்ளைக் கட்டைகளிலும் கறுப்புக் கட்டைகளிலும் ஓடும் பத்து விரல்கள். இக்காட்சிக்குப் பழகிய ஒருவர், வித்துவான் ஆசனத்தைவிட்டு எழுந்து வாத்தியத்தின் வயிற்றுக்குள் கையை நுழைத்துத் தந்திகளை நகத்தால் கீறுவதைக் கண்டால் திடுக்கிடவே செய்வார். இன்னொருவர் முழங்கையால் கட்டைகளை அழுத்துகிறார். மற்றொருவர் தந்திகளின் இடையே திருகாணிகளைச் செருகுகிறார். சபையில் சிலர் நகைக்கின்றனர். சிலர் முகம் சுளிக்கின்றனர். இது சங்கீதமா, சேட்டையா என்ற வினா எழுகிறது.

வானொலியில் இசை கேட்பவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வசதி உண்டு. அவர்கள் முழங்கையையும் காண்பதில்லை, திருகாணியையும் காண்பதில்லை. செவியில் வந்து விழும் ஒலி ஒன்றே அவர்களுக்குச் சாட்சி. ஆதலால் இவ்வினாவை வானொலியில் எழுப்புவது மிகவும் பொருந்தும் என்று கருதுகிறேன். முதலில், பியானோ எவ்வாறு ஒலிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். அதை அறியாமல் இந்தப் புது முறைகள் ஏன் தோன்றின என்பது விளங்காது.

பியானோ ஒரு தந்தி வாத்தியம். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம்; ஆர்மோனியத்தைப் போன்ற கட்டைகள் வெளியே தெரிவதால், உள்ளே தந்திகள் இருப்பது மறந்துவிடுகிறது. இக்காலத்துப் பெரிய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. அவற்றிற்காக உள்ளே ஏறக்குறைய 230 எஃகுத் தந்திகள் ஓர் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தாரஸ்தாயிச் சுரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று தந்திகள். கீழே வரவர இரண்டு. மிகவும் கீழே, செம்புக் கம்பி சுற்றிய பருத்த தந்தி ஒன்றே ஒன்று. இவையனைத்தும் சேர்ந்து சட்டத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 20 டன். இவ்வளவு பெரிய இழுவிசை, பார்ப்பதற்கு இத்தனை அமைதியாக நிற்கும் ஒரு பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது.

கட்டையை அழுத்தினால் என்ன நிகழ்கிறது? கட்டையின் மறுமுனை எழுகிறது. அது ஒரு நெம்புகோல் வரிசையை இயக்கி, கம்பளம் போர்த்திய சிறு சுத்தி ஒன்றைத் தந்தியை நோக்கி எறிகிறது. "எறிகிறது" என்ற சொல்லை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். தந்தியைத் தொடுவதற்கு மயிரிழை முன்பே அந்தச் சுத்தி விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. எஞ்சிய தூரத்தைத் தானே பறந்து கடந்து, தந்தியை அடித்துவிட்டுத் திரும்பி விழுகிறது. அதே சமயத்தில், தந்தியின்மேல் அமர்ந்து அதை ஊமையாக வைத்திருந்த கம்பளத் துண்டு மேலே எழுகிறது. இதை ஒலியடக்கி என்று சொல்வோம். கட்டையை விட்டவுடன் ஒலியடக்கி மீண்டும் தந்தியின்மேல் அமர்ந்து ஓசையை நிறுத்துகிறது. 1700-ஆம் ஆண்டளவில் இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில், பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி என்ற வாத்தியக் கைவினைஞர் அமைத்த அற்புதமான பொறி இது. அதற்கு முன்பிருந்த ஹார்ப்ஸிகார்டில் தந்தியை ஓர் இறகு முள் மீட்டியது. மெதுவாக அழுத்தினாலும் வன்மையாக அழுத்தினாலும் ஓசை ஒரே அளவுதான். கிறிஸ்டோஃபோரியின் பொறி, விரலின் வேகத்துக்குத் தக்கபடி ஓசை தணியவும் ஓங்கவும் வழிசெய்தது.

இந்த லாபத்துக்கு ஈடாக ஒரு நஷ்டமும் நேர்ந்தது. பிடில்காரர் தந்தியை விரலால் தொடுகிறார். வீணை வாசிப்பவர் தந்தியை இழுத்து ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்கிறார். பியானோ வாசிப்பவரோ, எத்துணைப் பெரிய மேதையானாலும், தந்தியைத் தொடுவதே இல்லை. சுத்தி பறந்து போனபின் அந்தச் சுரத்தை அவர் வளைக்க முடியாது, நீட்ட முடியாது, நடுங்கச் செய்ய முடியாது. பிறந்த கணத்திலிருந்தே அது தேய்ந்துகொண்டே போகிறது. கமகத்தில் ஊறிய நம் செவிகளுக்குப் பியானோ சற்று விறைப்பாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மேனாட்டு இசைப்புலவர்களும் இந்தக் குறையை உணராதவர்கள் அல்லர். மொஸார்ட் முதல் டெபுஸ்ஸி வரை பியானோவுக்கு எழுதியவர்கள் எல்லோரும், தேய்கிற ஒலியைத் தேயாதது போல் காட்டுவதற்கு என்னென்ன உபாயங்கள் உண்டோ அவற்றையெல்லாம் தேடியவர்களே.

பியானோவின் ஒலியை மாற்ற வேண்டும் என்னும் ஆசை இருபதாம் நூற்றாண்டில் திடீரென்று முளைத்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் செய்யப்பட்ட பியானோக்கள் பலவற்றில் இன்றைய வாத்தியத்தில் காணாத சில மிதிகள் இருந்தன. ஒன்றை மிதித்தால் காகிதமோ பட்டோ சுற்றிய ஒரு சட்டம் கீழ்ஸ்தாயித் தந்திகளின்மேல் படிந்து கரகரப்பான ஓசையைத் தரும். மற்றொன்றை மிதித்தால் ஒரு கொட்டுக்கட்டை ஒலிப்பலகையை முரசுபோல் அடிக்கும். கூடவே சிறு மணிகளும் ஒலிக்கும். துருக்கியப் படைவாத்தியங்களின் முழக்கம் அந்நாளில் ஐரோப்பாவில் பெரிய நாகரிகமாக இருந்தது. வீட்டுக் கூடத்திலேயே அதைக் கேட்க விரும்பினார்கள். பின்னர் அந்த மிதிகள் மறைந்துபோயின. வாத்தியம் பெருத்தது, இரும்புச் சட்டம் வந்தது, மேடை வந்தது; அவற்றோடு, தந்திகள் இருக்கும் பக்கம் கைவைப்பது தகாது என்ற மரியாதையும் வந்து சேர்ந்தது.

அந்த மரியாதையைத் துணிந்து மீறியவர் ஹென்றி கௌவெல். 1897-இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். இளம் பருவத்திலேயே அவர் கட்டைகளை உள்ளங்கையாலும் முன்கையாலும் மொத்தமாக அழுத்தி வாசிக்கத் தொடங்கினார். அடுத்தடுத்த சுரங்கள் பத்துப் பன்னிரண்டு ஒருங்கே ஒலிக்கும் இதனைச் சுரக்கொத்து எனலாம். இதைக் கண்ணால் பார்ப்பவருக்குக் குழந்தை பியானோவில் தட்டுவதுபோல் இருக்கும். "மனானானின் அலைகள்" என்ற அவருடைய உருப்படியைச் செவியால் மட்டும் கேட்டுப் பாருங்கள். வலக்கை ஒரு பழம்பாணியான மெட்டை வாசிக்கிறது. இடக்கை கீழ்ஸ்தாயியில் சுரக்கொத்துக்களை மெல்ல அழுத்துகிறது. ஐரிஷ் புராணத்தில் வரும் கடல் தெய்வத்தின் அலைகள் அவை. தனித்தனிச் சுரம் எதுவும் செவிக்குப் புலப்படாது. ஆழத்திலிருந்து நீர் புரள்வது போன்ற ஒரு குமுறல் எழுந்து அந்த மெட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கும். பத்து விரல்களைக் கொண்டு அந்தக் குமுறலைப் பெற இயலாது. முன்கை அங்கே வேடிக்கைக்காக வரவில்லை என்பது கேட்டவுடன் தெரியும்.

கௌவெல் இதைக் கண்மூடித்தனமாகச் செய்தவரல்லர். சுரக்கொத்துக்களை எழுதிக்காட்ட அவர் தெளிவான குறியீடுகளை வகுத்தார்; எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரம்வரை, வெள்ளைக் கட்டைகள் மட்டுமா, கறுப்புக் கட்டைகள் மட்டுமா, இரண்டும் சேர்ந்தா என்பதெல்லாம் அவற்றில் அடங்கும். ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்ட்டோக், 1920-களின் தொடக்கத்தில், சுரக்கொத்து முறையைத் தாமும் கையாளலாமா என்று கௌவெலிடம் அனுமதி கேட்டார். பெரியவர்களின் பண்பு அது. சாமானிய ரசிகர்கள் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1923-இல் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் கௌவெல் வாசித்தபோது சபையினர் இரண்டு கட்சியாகப் பிரிந்து மேடைமேலேயே கைகலந்தனர். போலீசார் வர நேர்ந்தது. அத்தனை அமளிக்கிடையிலும் அவர் வாசிப்பை நிறுத்தவில்லை.

கட்டைகளோடு நின்றுவிட்டிருந்தால் கௌவெலின் பெயர் இத்துணை நிலைத்திராது என்பது என் எண்ணம். அவர் அடுத்து வைத்த அடிதான் முக்கியமானது. ஏறக்குறைய 1923-இல் இயற்றிய "காற்று யாழ்" என்னும் சிறிய உருப்படியில், ஒரு கை கட்டைகளை ஓசையின்றி அழுத்திப் பிடித்திருக்கும். மற்றொரு கை உள்ளே சென்று தந்திகளை விரலால் வருடும். அழுத்திய கட்டைகளுக்குரிய ஒலியடக்கிகள் மட்டுமே எழுந்திருப்பதால், எல்லாத் தந்திகளையும் வருடினாலும் விரும்பிய சுரங்கள் மட்டுமே நின்று ஒலிக்கும். மிகவும் எளிய யுக்தி. அதே சமயம் எவ்வளவு நுட்பமானது!

1925-இல் வந்தது "பான்ஷீ." மரணம் நேரப்போகும் வீட்டின் வெளியே நின்று ஓலமிடுவதாக ஐரிஷ் மக்கள் நம்பிய ஒரு பெண்ணாவியின் பெயர் அது. இந்த உருப்படியில் கட்டைகள் ஒருமுறைகூட அழுத்தப்படுவதில்லை. உதவியாளர் ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து, எல்லா ஒலியடக்கிகளையும் உயர்த்தும் வலப்புற மிதியை இறுதிவரை மிதித்துக்கொண்டிருப்பார். வாசிப்பவர் பியானோவின் பக்கவாட்டில் நின்று, உள்ளே குனிந்து, தந்திகளோடு நேரடியாக உறவாடுவார். விரலின் சதையால் குறுக்கே வருடுவது, நகத்தால் நெடுகத் தேய்ப்பது, ஒற்றைத் தந்தியைச் சுண்டுவது, உள்ளங்கையால் துடைப்பது என்று முறைகள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தை அடையாளமாகக் கொடுத்துச் சுரத்தாளில் குறித்திருக்கிறார் கௌவெல். செம்பு சுற்றிய பருத்த தந்தியை நகத்தால் நெடுகத் தேய்த்தால் அதன் வழக்கமான கனத்த ஓசை எழுவதில்லை. தந்தி குறுக்கே அதிர்வதற்குப் பதிலாகத் தன் நீளவாட்டில் அதிர்கிறது. அந்த அதிர்வு மிகமிக வேகமானது. ஆகவே ஒரு கீச்சிடும் ஓலம் எழும்பி, பெட்டி முழுவதும் சூழ்ந்து, மெல்லத் தேய்கிறது. இருட்டில் தனியே கேட்க அஞ்சத்தக்க ஓசை அது. முதன்முறை கேட்டபோது, இது பியானோ என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஓசையின்றிக் கட்டையை அழுத்துவது என்றேனே, அதை கௌவெலுக்கு முன்பே வேறொருவர் கண்டிருந்தார். வியன்னாவின் ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1909-இல் இயற்றிய மூன்று பியானோ உருப்படிகளில் முதலாவதில் இது வருகிறது. வீட்டில் நல்ல பியானோ உள்ளவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். மத்தியஸ்தாயி ஷட்ஜமத்துக்குரிய கட்டையை ஓசை எழாதபடி மிக மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தாரஸ்தாயி ஷட்ஜமத்தைச் சட்டென்று அடித்து விட்டுவிடுங்கள். அடித்த தந்தி அடங்கிவிடும். ஆனால் அதே தாரஸ்தாயி ஓசை மெல்லிய கனவுபோல் தொடர்ந்து கேட்கும். அது கீழ்த்தந்தியிலிருந்து வருவது. ஒவ்வொரு தந்தியும் முழுதாக அதிர்வதோடு இரண்டு பாகமாகவும் மூன்று பாகமாகவும் நான்கு பாகமாகவும் பிரிந்து அதிர வல்லது. அப்போது எழுபவற்றை நம் சங்கீத நூலாசிரியர்கள் சுயம்பு சுரங்கள் என்பர். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்தால் தானே எழும் காந்தாரம் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த இடத்தில் சென்னைக்கும் இக்கதைக்கும் உள்ள ஒரு தொடர்பைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கௌவெல் 1931-இல் குகன்ஹைம் நிதியுதவி பெற்றுப் பெர்லின் நகரம் சென்றார். பல நாட்டு இசைகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பேராசிரியர் ஹார்ன்போஸ்டலிடம் பயிலுவது அவர் நோக்கம். அக்காலத்தில் அவர் கர்நாடக சங்கீத இலக்கணத்தைக் கற்றுக்கொண்டது, ஜெர்மனியில் அப்போது தங்கியிருந்த நம் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அவர்களிடம். கால் நூற்றாண்டு கழித்துக் கௌவெல் சென்னைக்கே வந்தார். அதன் விளைவாகத் தபலாவும் ஜலதரங்கமும் இடம்பெறும் தம் பதின்மூன்றாம் சிம்பொனிக்கு "மெட்ராஸ்" என்று பெயரிட்டார். 1959 மார்ச்சு மாதத்தில், தாமஸ் ஷெர்மன் நடத்திய நியூயார்க் வாத்தியக் குழுவினர் அதனைச் சென்னையிலேயே முதன்முதலாக அரங்கேற்றினர். "பான்ஷீ" இதற்கெல்லாம் முன்னரே பிறந்துவிட்டது; ஆகையால் தந்தியை விரலால் தொடும் எண்ணத்தை அவருக்கு நாம் கொடுத்தோம் என்று பெருமை பேசுவது சரியாகாது. தந்தியைத் தொட்டு வாசிக்கும் ஒரு பெரும் மரபைத் தேடி அவர் வந்தார் என்று மட்டும் சொல்லலாம்.

கௌவெல் கையை உள்ளே கொண்டுசென்றார். அவருடைய மாணவர் ஜான் கேஜ் பொருள்களை உள்ளே கொண்டுசென்றார். கௌவெல் "பான்ஷீ" வாசிக்கும்போது சில சமயங்களில் ஆசனத்தில் அமர்ந்து மிதியை மிதித்த உதவியாளர் கேஜ்தான். பின்னர் அவர் ஸியாட்டில் நகரத்துக் கார்னிஷ் கலைப்பள்ளியில் நாட்டிய வகுப்புகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் வேலையில் அமர்ந்தார். 1940-இல் ஸிவில்லா ஃபோர்ட் என்ற கறுப்பின நாட்டியக் கலைஞர், ஆப்பிரிக்க உணர்வு தோன்றும் தம் நடனமொன்றுக்கு இசை அமைத்துத் தருமாறு கேஜைக் கேட்டார். அதற்குத் தாள வாத்தியக் குழுவே ஏற்றது என்று கேஜ் கருதினார். அரங்கமோ மிகச் சிறியது; குழு அமர இடமில்லை. அங்கு இருந்தது ஒரு பியானோ மட்டுமே.

சில நாட்கள் அவர் பியானோவில் ஆப்பிரிக்கச் சுவையுள்ள மெட்டு ஏதேனும் கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. குற்றம் தம்மிடமில்லை, பியானோவிடம்தான் என்று முடிவுகட்டினார். இந்த வரலாற்றைப் பிற்காலத்தில் அவரே நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். சமையலறையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து தந்திகளின்மேல் வைத்தார். ஓசை மாறியது, ஆனால் தட்டு அதிர்ச்சியில் துள்ளித் துள்ளி இடம் மாறியது. ஆணியைச் செருகினார், அது வழுக்கிக் கீழே விழுந்தது. கடைசியில் திருகாணியை எடுத்து இரண்டு தந்திகளுக்கிடையே திருகினார். அதன் புரிகள் தந்திகளைப் பற்றிக்கொண்டன. அது இருந்த இடத்திலேயே நின்றது. இவ்வாறு பிறந்ததுதான் ஆயத்தம் செய்யப்பட்ட பியானோ. "பாக்கனேல்" என்ற அந்த நாட்டிய இசைக்கு அவர் ஆயத்தம் செய்தது பன்னிரண்டு சுரங்களை மட்டுமே. இடப் பற்றாக்குறையால் ஒரு கலைமுறை பிறந்தது என்று கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

திருகாணி அங்கே என்ன செய்கிறது? சீராக இருந்த தந்தியின்மேல் ஓரிடத்தில் ஒரு பாரம் ஏறுகிறது. தந்தி தன் இயல்பான பாகங்களாகப் பிரிந்து அதிர முடியாமல், திருகாணிக்கு இப்புறமும் அப்புறமும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத வகையில் அதிர்கிறது. அதனால் எழும் ஓசை ஒரு சுரமாக நிற்காமல், சேமக்கலத்தைத் தட்டியதுபோல் பல சுரங்களின் கலவையாகிறது. திருகாணிக்குப் பதில் ரப்பர் துண்டைச் செருகினால் அதிர்வு உடனே அமுங்கி, மூடிய தோற்கருவியின் தொம்மென்ற ஓசை கிடைக்கும். திருகாணியில் தளர்வாக ஒரு மரையைக் கோத்துவிட்டால் சலங்கைபோல் கலகலக்கும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பியானோவின் இடப்புற மிதியை மிதித்தால் சுத்திகளெல்லாம் சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, மூன்று தந்திகளில் இரண்டை மட்டுமே அடிக்கும். திருகாணி இரண்டாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் இடையில் இருந்தால், மிதியை மிதித்தபோது திருகாணி ஏறிய ஓசை மட்டும் கேட்கும். மிதியை விட்டால் முதல் தந்தியின் தூய சுரமும் அதனோடு சேர்ந்து ஒலிக்கும். ஒரே கட்டைக்கு இரண்டு குரல்கள்!

இம்முறையின் சிகரம் 1946 முதல் 1948 வரை கேஜ் இயற்றிய "ஸொனாட்டாக்களும் இடையிசைகளும்" என்ற தொகுதி. பதினாறு ஸொனாட்டாக்கள், நான்கு இடையிசைகள். 45 சுரங்களின் தந்திகளை ஆயத்தம் செய்ய வேண்டும். எந்தச் சுரத்தில், எந்தெந்தத் தந்திகளுக்கிடையே, எவ்வகைத் திருகாணி அல்லது ரப்பர், ஒலியடக்கியிலிருந்து எத்தனை அங்குலத் தொலைவில் என்று அட்டவணை போட்டே கொடுத்திருக்கிறார். அழிக்கும் ரப்பர் ஒன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆயத்தத்துக்கே இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். 1949 ஜனவரியில் மாரோ அஜெமியான் என்ற அம்மையார் நியூயார்க்கில் தொகுதி முழுவதையும் வாசித்தார்.

இத்தொகுதியின் கருப்பொருள் நமக்கு அந்நியமானதன்று. அந்த ஆண்டுகளில் கேஜ் பெரும் மனக்குழப்பத்தில் இருந்தார். இசை எதற்காக என்ற கேள்வி அவரை வாட்டியது. 1946-இல் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் வந்த கீதா சாராபாய் அவரிடம் மேனாட்டு இசை பயின்றார். பதிலுக்கு நம் இசையையும் அதன் தத்துவத்தையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மனத்தை அடக்கித் தெளிவித்துத் தெய்விகத்தை ஏற்கத் தகுதியாக்குவதே இசையின் பயன் என்ற நம் பெரியோர் கருத்தை அவர் வாயிலாகத்தான் கேஜ் அறிந்தார். அதே காலத்தில், கொழும்பில் தமிழ்க் குடும்பத்துத் தந்தைக்குப் பிறந்து அமெரிக்காவில் பாஸ்டன் கலைக்கூடத்தில் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி அவர்களின் நூல்களையும் படித்தார். நவரசங்களையும், அவை யாவும் ஈற்றில் சாந்தத்தை நாடுவதையும் இத்தொகுதியில் இசையாக்க முயன்றார். எந்த உருப்படி எந்த ரசம் என்று அவர் பெயரிட்டுக் காட்டவில்லை. தேடிப் பிடிக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். ஆனால் கடைசி ஸொனாட்டாக்களை அடையும்போது சலசலப்பெல்லாம் தணிந்து, தொலைவிலுள்ள கோயில் மணிகள்போல் ஓசைகள் விட்டுவிட்டு ஒலிப்பதைக் கேட்பவர் யாரும் சாந்தம் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்கமாட்டார்.

கேஜுக்குப் பின் இத்துறையில் வந்தவர்கள் பலர். எல்லோரையும் கூற நேரமில்லை. ஜெர்மனியின் ஸ்டாக்ஹௌசன் தம் பத்தாம் பியானோ உருப்படியில் சுரக்கொத்துக்களைக் கட்டைகளின்மீது வழுக்கிக்கொண்டே வாசிக்கச் சொன்னார். கை புண்ணாகாமலிருக்க, விரல்நுனி இல்லாத கையுறை அணிந்து வாசிக்கின்றனர். 1970-இல் ஹெல்முட் லாகென்மான் இயற்றிய "குவேரோ"வில் வழக்கமான சுரம் ஒன்றுகூட இல்லை. கட்டைகளின் மேற்பரப்பை நகத்தால் வருடும் டிக்-டிக் ஓசைதான் இசை. இதை நான் மதிக்கிறேன். மீண்டும் கேட்க ஆவல் கொள்கிறேன் என்று சொல்ல இயலவில்லை. அமெரிக்கரான ஜார்ஜ் கிரம் அவ்வகையினர் அல்லர். 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் அவர் இயற்றிய "மாக்ரோகாஸ்மோஸ்" தொகுதிகளில் தந்திகளின்மேல் மெல்லிய உலோகச் சங்கிலியும் கண்ணாடிக் குவளையும் காகிதமும் வருகின்றன. வாசிப்பவர் சீட்டியடிக்கிறார், முணுமுணுக்கிறார், பாடுகிறார். ஒலிபெருக்கி வைத்து வாசிக்கும் இசை இது. ஆயினும் அதில் பெரும்பகுதி மிகத் தணிந்த ஓசைகளே. இரவு நேரத்தில் கேட்கத் தக்கது.

பியானோவின் ஒலி தேயும் என்ற பழைய குறைக்கே மருந்து கண்டவர்களும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் கர்ட்டிஸ்-ஸ்மித் என்பவர், பிடில் வில்லுக்குப் பூசும் ரோசினை நைலான் தூண்டில் நரம்பில் பூசி, அதைப் பியானோத் தந்திக்கு அடியில் கோத்து, முன்னும் பின்னுமாக இழுத்தார். தந்தி பிடில்போல் நீண்டு பாடியது. அவ்வழியைப் பின்பற்றி ஸ்டீபன் ஸ்காட் என்பார் 1977-இல் கொலராடோ கல்லூரியில் ஒரு குழுவை அமைத்தார். மூடி கழற்றிய ஒரே பியானோவைச் சுற்றிப் பத்துப் பேர் நெருக்கி நின்று, ஆளுக்குச் சில தந்திகளாக இழுப்பார்கள். கண்ணை மூடிக் கேட்டால் ஒரு பெரிய ஆர்மோனியமோ, பல பிடில்கள் சேர்ந்த கோஷ்டியோ என்று மயங்கத் தோன்றும். முந்நூறு ஆண்டுகளாகத் தேய்ந்துகொண்டே வந்த சுரம் தேயாமல் நின்றது.

இனி எதிர்த்தரப்பின் வாதத்துக்கு வருவோம். அதனை எள்ளி நகையாடுவது நியாயமன்று. பியானோக்களுக்குச் சுருதி கூட்டும் தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரிடம் இந்தப் புது முறைகளைப்பற்றி ஒருமுறை விவரித்தேன். திருகாணி என்றதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "உங்கள் வீட்டுப் பிள்ளையின் வாயில் யாராவது திருகாணியைத் திணித்தால் சும்மா இருப்பீர்களா?" என்றார். சற்றுக் கோபம் தணிந்தபின் அவர் சொன்னவை யாவும் உண்மை. விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் எஃகுத் தந்தியைத் துருப்பிடிக்கச் செய்யும். செம்புச் சுற்றின் ஒளியையும் ஒலியையும் மங்கச் செய்யும். ஒலியடக்கிகள் மிகவும் நொய்யவை; கை தவறிப் பட்டு ஒன்று கோணினாலும் அந்தச் சுரம் அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இடைவெளிக்கு மிஞ்சிய பருமனுள்ள திருகாணி தந்திகளை அகற்றிச் சுருதியைக் குலைக்கும். வாசிப்பவர் அடையாளத்துக்காகத் தந்தியில் ஒட்டும் காகிதங்களின் பசை பிறகு எளிதில் போகாது. ஒரு நல்ல பியானோ வாங்க ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு போதாது. ஒரு சபாவின் சேமிப்பும் போதாமல் போவதுண்டு. அதைக் காப்பவர் தயங்குவதில் தவறென்ன?

இம்முறைகளைக் கையாள்பவர்களில் பொறுப்புள்ளவர்களும் இதையேதான் கூறுகின்றனர். தந்தியைத் தொடுமுன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும்; ஒலியடக்கியை எக்காரணம்கொண்டும் தொடலாகாது; செருகும் பொருளின் பருமனை முன்பே அளந்துகொள்ள வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, வாத்தியத்துக்கு உரியவரிடம் ஒளிக்காமல் சொல்லி அனுமதி பெற வேண்டும். இவ்வாறு செய்தால் வாத்தியம் கெடுவதில்லை. கேஜின் தொகுதி உலகெங்கும் எத்தனையோ முறை நல்ல பியானோக்களில் வாசிக்கப்பட்டிருக்கிறது. இந்த நிபந்தனைகளைப் பொருட்படுத்தாமல், புதுமை என்ற பெயரில் கண்ட பொருளைத் தந்திமேல் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பியானோவை மட்டுமன்றி இசையையும் கேட்டாலே தெரிந்துவிடும். எந்த ஓசை எங்கே விழவேண்டும் என்ற கவலை அதில் இருப்பதில்லை. கௌவெல் பன்னிரண்டு முறைகளுக்குப் பன்னிரண்டு எழுத்துக்கள் குறித்தாரே, கேஜ் அங்குலக் கணக்குப் போட்டாரே, அந்தக் கவலைதான் அவர்களை வேறுபடுத்துகிறது.

ஆனால் அங்குலக் கணக்கும் ஓர் எல்லைக்குமேல் உதவவில்லை. கேஜ் தம் வீட்டுப் பியானோவில் கேட்ட ஓசைகளை அப்படியே எங்கும் பெற விரும்பித்தான் அட்டவணை எழுதினார். பியானோவுக்குப் பியானோ தந்தியின் நீளம் வேறு, சட்டத்தின் அமைப்பு வேறு. அதே அங்குலத்தில் அதே திருகாணியை வைத்தாலும் ஓசை வேறாகிறது. பிறர் ஆயத்தம் செய்து வாசித்ததைக் கேட்டு அவர் முதலில் வருந்தியதுண்டு. பிறகு, இரண்டு வித்துவான்கள் ஒன்றாக இல்லாததுபோல் இரண்டு பியானோக்களும் ஒன்றாக இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு மனம் சமாதானம் அடைந்தார். 1992-இல் அவர் காலமாகும் வரை, ஓசைகளை அவற்றின் போக்கில் விடுவதே அவருடைய வழியாக இருந்தது.

அந்தச் சுருதி கூட்டும் பெரியவருக்குப் பிற்பாடு ஒருநாள் கேஜின் தொகுதியிலிருந்து ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காண்பித்தேன். என்ன வாத்தியம் என்று சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஜாவா நாட்டு மணிவாத்தியக் கோஷ்டியா என்று வினவினார். பியானோ என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "கச்சேரி முடிந்ததும் திருகாணிகளை யார் கழற்றுகிறார்கள்?" என்று கேட்டார். வாசித்தவர்தான் என்றேன். "இழுத்துப் பிடுங்கக் கூடாது, ஒவ்வொன்றாகத் திருகித்தான் எடுக்க வேண்டும். மறுநாள் காலையில் என்னைப்போல் ஒருவன் போய்ச் சுருதி பார்க்க வேண்டும்" என்றார். அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொன்ன பின்பே, இசைத்தட்டின் மறுபக்கத்தைப் போடச் சொன்னார்.